மூன்றாவது மிதவை

“இந்தக் காலத்துல எவன் வாயிலயாவது உண்மை வருதா சார்? தடுக்கி விழுந்தவன் தரை மேல பழி போடுற காலம் இது,” என்றார் மீட்புப் படகுக்காரர்.

உட்காரச் சொல்லியும் அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் திரும்ப எழுந்திருக்க முடியுமா என்பதே சந்தேகம். காலையில் காற்றே இல்லாமல் ஏரி கண்ணாடி மாதிரிக் கிடந்தது. படகுப் பாய்கள் பிழியாத துணிபோலத் தொங்கின. பதினொரு மணிக்கு மேற்கே கறுத்தது. அடுத்த பத்து நிமிஷத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடித்த அடியில், பந்தயத்துக்குப் போன பதினெட்டுச் சின்னப் பாய்மரப் படகுகளில் பதினொன்று கவிழ்ந்தன. விழுந்தவர்களை ஒவ்வொருவராக இழுத்துப் போட்டதில் அவருக்குத் தோள் இரண்டும் கழன்றுவிடும்போல இருந்தது.

படகுக் கழகத்தின் மாடி அறை அது. மேசைக்கு அந்தப் பக்கம் வெளியூரிலிருந்து வந்த நடுவர். இந்தப் பக்கம், பந்தயத்தில் முதலாவதாக வந்த இளம் பல் டாக்டர், போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரும் வெளியூர்தான்.

“சுருக்கமாச் சொல்லுங்க பெரியவரே,” என்றார் நடுவர். “தேசியப் போட்டிக்கு இங்கேயிருந்து ஒருத்தர்தான் போக முடியும். யாருன்னு இப்பவே நான் எழுதி அனுப்பணும்.”

“மூணாவது மிதவையில திரும்பறப்போ டாக்டர் படகு அதுல இடிச்சுது. நான் பக்கத்துலதான் நின்னேன்.”

“இடிச்சுது சார். நான் இல்லேன்னு சொல்லலையே,” என்றார் டாக்டர். “உடனே விலகிப் போய் ஒரு சுத்துச் சுத்திட்டேன்.”

பந்தய வழியைக் காட்டப் போட்டிருக்கும் மிதவையில் பட்டால் படகை ஒரு முழு வட்டம் சுற்றிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். யாரும் விசில் ஊத மாட்டார்கள், துரத்தி வர மாட்டார்கள். இடித்தவரே தனக்குத் தானே தண்டனை கொடுத்துக்கொள்ள வேண்டும். சுற்றாமல் வந்தால் பந்தயத்திலிருந்தே நீக்கம்.

“நல்ல சட்டம்,” என்றார் மீட்புப் படகுக்காரர். “பாலுக்குப் பூனையைக் காவல் வெச்ச மாதிரி. திருடன் தானாப் போய் லாக்கப்புல உக்காந்துக்குவானா?”

“நான் திருடன் இல்லைங்க.”

“பொதுவாச் சொன்னேன் தம்பி. பிடுங்கும்போது வலிக்காதுன்னு சொல்றவங்கதானே நீங்க.”

நடுவர் கண்ணைக் கசக்கிக்கொண்டார். “அவர் சுத்தினதைப் பார்த்தீங்களா, இல்லையா?”

“அந்த மழையில என் கையே எனக்குத் தெரியல சார்.”

“இடிச்சது தெரிஞ்சுதே?”

“இடிச்சப்புறம்தானே மழை இறங்குச்சு. பாதிப் பேர் தண்ணிக்குள்ள கிடக்கான். ஜெயிக்கப் போறவன் நின்னு நிதானமாச் சுத்துவானா? நீங்களே சொல்லுங்க.”

‘பார்க்கவில்லை’ என்று நடுவர் எழுதிக்கொண்டார். ஈரக் காகிதத்தில் பேனா இரண்டு தடவை மக்கர் பண்ணியது.

“உங்களுக்கு வேண்டியவங்க யாராவது இந்தப் பந்தயத்துல இருக்காங்களா? வழக்கமாக் கேக்கறதுதான்.”

“தண்ணியில விழுந்தா எல்லாத் தலையும் ஒண்ணுதான் சார். முடியைப் பிடிச்சுத்தான் தூக்குவேன்.”

நடுவர் பெருமூச்சு விட்டு, இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

வந்தவள் கழகத்தில் பாய் தைக்கிறவள். ஊரார் பாயையெல்லாம் புதிதாகத் தைத்துக் கொடுத்துவிட்டு, ஒன்பது ஒட்டுப் போட்ட பாயில் ஓடியவள். அரைப் படகு நீளத்தில் முதலிடம் போயிற்று. விரலெல்லாம் ஊசித் தழும்பு. அவள் உள்ளே வந்ததும் மீட்புப் படகுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“மூணாவது மிதவையில டாக்டருக்கு அடுத்து நீங்கதான் வந்தீங்க,” என்றார் நடுவர். “அவர் சுத்தினார்ங்கறார். மீட்புப் படகுக்காரர் பார்க்கலைங்கறார். நீங்க பார்த்தீங்களா?”

அவள் நடுவர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

“அவரை நீக்கினா நான்தான் போவேனா?”

“ஆமா.”

“அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும்.”

“பட்டியல்ல பார்த்தேன்.”

ஜன்னல் பக்கமிருந்து ஒரு இருமல் வந்தது. தேவைக்கு மேல் நீளமான இருமல்.

“சுத்தினார் சார்,” என்றாள் அவள். “முழு வட்டம். பாதியில கவிழப் பார்த்துது, சமாளிச்சுட்டார். அதனாலதான் நான் அவ்வளவு கிட்ட வர முடிஞ்சுது. இல்லேன்னா அவர் எங்கேயோ போயிருப்பார்.”

டாக்டர் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நடுவர் கையெழுத்துப் போட்டார்.

“ரெண்டு பேரும் முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டாங்களோ என்னமோ,” என்றபடி மீட்புப் படகுக்காரர் கைப்பிடியைப் பிடித்துப் படியிறங்கினார். கால் ஒவ்வொன்றும் ஒரு மூட்டை கனம் கனத்தது.

கரையில் மழை ஓய்ந்து தூறிக்கொண்டிருந்தது. அவர் மீட்புப் படகை இழுத்துக் கட்டும்போது, கயிற்றின் மறுமுனையை யாரோ பிடித்தார்கள். பாய் தைக்கிறவள்.

“நீ பார்க்கலைன்னு சொன்னியாமே?”

அவர் முடிச்சை இறுக்கினார்.

“அவர் சுத்தறதுக்கு இடம் விட்டு, மீட்புப் படகைப் பின்னால எடுத்ததே நீதானேப்பா?”

அவர் பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டார். “பெத்த அப்பனுக்காக ஒரு பொய் சொல்லத் துப்பில்லை, இந்தக் காலத்துப் பிள்ளைங்க எப்படித்தான் பொழைக்கப் போகுதுங்களோ,” என்று முணுமுணுத்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.