தவளைக்கு ஒரு குடம்

"எல்லாரும் வந்து பாருங்க! குடிக்கிற தண்ணிய எடுத்து செடிக்கு ஊத்துறா!"

கீதா போட்ட கூச்சலில் அம்மணி வீட்டுத் தோட்டத்து வேலியோரம் தெருவே கூடிவிட்டது.

அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும் லாரித் தண்ணீர்தான் கதி. வீட்டுக்கு ஐந்து குடம். கடலோடு சேர்ந்த உப்பு ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கு, உடம்பு உப்பைக் கழுவ இன்னொரு குடம். செடிக்கு ஊற்றினால் அடுத்த லாரியில் அந்த வீட்டுக்குத் தண்ணீர் கிடையாது. சட்டம் போட்டவளும் கீதாதான், காவல் காப்பவளும் கீதாதான்.

"செடிக்கு இல்லக்கா," என்றாள் அம்மணி அசராமல். "விருந்தாளி வந்திருக்குது."

கறிவேப்பிலைச் செடியடியில் ஓர் உடைந்த பானை. அதன் விளிம்பில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை.

"அய்யே, தேரை! பாம்பு வரும், தூக்கிப் போடு!"

"தேரைக்குத் தோல் சொரசொரன்னு இருக்கும். இது வழவழன்னு இருக்குது பாரு. விரல் நுனியெல்லாம் பொட்டு வச்சாப்ல உருண்டையா இருக்குதா? மரத்தவளைக்கா இது. கொசுவுக்கு எமன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கீதாவுக்குச் சுர்ரென்று ஏறியது.

"இம்மாம் பெரிய ஏரி இருக்குதே, அங்க வுடு. சினை நண்டு சிக்குனா ஏரியிலதானே வுடுறோம்?"

சொன்னதோடு நிற்காமல் தவளையைப் பிடிக்கக் கையை நீட்டினாள். அம்மணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏரி உப்புக்கா, செத்துப்பூடும். இது வாயால தண்ணி குடிக்காது, தோலாலதான் குடிக்கும். நாளெல்லாம் ஏரியில கெடக்குற எனக்கே தோல் எரியுது. இது இத்தினூண்டு. இங்க மண்ணுகூட உப்பு, அதான் பானையச் சுத்தியும் நல்ல தண்ணி ஊத்துனேன்."

"நியாயம் பேசாத. அடுத்த லாரியில உனக்கு ஒரு சொட்டு கெடையாது. உன் புருசன் வேலுகிட்ட நீயே சொல்லிடு."

"சொல்லிடுறேன். ஆனா இது இங்கதான் இருக்கும்."

கையை உதறி விடுவித்துக்கொண்ட கீதா, மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மணியின் விரல் பட்ட இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாக உப்பு. நிமிர்ந்தாள். அம்மணியின் கழுத்திலும் முழங்கையிலும் புடவையிலும் உப்புப் பூத்துக் கிடந்தது.

"ஏரியிலேர்ந்து எப்ப வந்த?"

"மதியமே."

"இன்னும் குளிக்கலையா?"

"குடிக்கிற தண்ணியில நான் கை வெக்கலக்கா. இதுக்கு ஊத்துனது நான் குளிக்கிற குடம்."

கீதா சட்டென்று வேலிப் பக்கம் திரும்பினாள். "இங்க இன்னா வேடிக்கை? போய் அவங்கவங்க வேலையப் பாருங்க!"

பிறகு அம்மணியிடம், குரலைத் தாழ்த்தாமலே சொன்னாள்:

"நீ என் வூட்டுல வந்து குளி. அடுத்த லாரியில தவளைக்கு என் குடம்."