ஆறரை மணி அவசரம்

"ஏன்க்கா, மாமா நாளுக்கு நாள் அழகாயிட்டே போறாரே, கவனிச்சியா?"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்த அக்கா சிரித்தாள். "என் புருஷன்மேல கண்ணு வைக்காதடா."

முகமூடிக்குள் தம்பிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்று ஏன் ஓடுகிறது, ஏன் நிற்கிறது என்று தெரியாவிட்டால் அவனுக்கு மண்டை வெடித்துவிடும். பஸ் ஓட்டும் மாமாவுக்குப் பொரித்தது இல்லாமல் சோறு இறங்காது. இப்போதோ தட்டு நிறையக் காய்கறி. சிகரெட் போயிற்று. தொப்பை போன இடம் தெரியவில்லை. பேப்பரோடு பாத்ரூமுக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் கதவைத் திறக்காதவர், இப்போது காலை ஆறரைக்கெல்லாம் வீட்டை விட்டு ஓடுகிறார். பெண்டாட்டி நோயில் கிடக்கும்போது இதென்ன கூத்து? அடுத்த கல்யாணத்துக்கு ஆயத்தமா?

"அவரை விடு. இது ரெண்டாவது கிண்ணம், தெரியுமா!" என்றாள் அக்கா.

பெரிய விஷயம்தான். ரத்தப் புற்றுநோய்க்காகத் தம்பியின் எலும்பு மஜ்ஜையை அவளுக்கு ஏற்றினார்கள். புற்று அடங்கியது. ஆனால் உள்ளே குடிவந்த தம்பியின் அணுக்கள், அக்காவின் குடலை அந்நியமென்று நினைத்துத் தாக்கத் தொடங்கின. வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. எந்த மருந்துக்கும் மசியவில்லை. டாக்டரே உதட்டைப் பிதுக்கிவிட்டார். போன மாதம் ஒரு புது கேப்சூல் கொடுக்கத் தொடங்கிய பிறகுதான் நின்றது.

"சின்ன வயசுல தலைமுடியைப் பிடிச்சு இழுத்தது போதாதுன்னு, உள்ள பூந்தும் சண்டை போட்டியேடா!"

"சரி, இந்தப் புது கேப்சூல் மட்டும் எப்படிக்கா கேட்டுச்சு?"

"குடல்ல நல்ல கிருமிங்க கோடிக்கணக்குல இருக்குமாம். சண்டையை அடக்கி வைக்கிறது அதுங்கதானாம். ஆன்டிபயாடிக் போட்டுப் போட்டு எனக்கு அதெல்லாம் செத்துப்போச்சு. ஆரோக்கியமான ஒருத்தர்கிட்ட இருந்து எடுத்துத் தர்றாங்க."

"யாரு? எங்க இருந்து எடுப்பாங்க?"

"யாருன்னு சொல்லவே கூடாதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். எங்க இருந்துன்னு நீ கேக்கவே கேக்காத. கஞ்சி குடிச்சிட்டிருக்கேன்."

மறுநாள் காலை மாமாவின் பின்னாலேயே போனான் தம்பி. ஓட்டமும் நடையுமாக மாமா போய் நின்றது அதே ஆஸ்பத்திரியின் பின்வாசலில். ஜன்னலுக்குள் இருந்த இளம்பெண் முகமெல்லாம் பல்லாக, "வாங்க சார், உங்களுக்காகத்தான் காத்துட்டிருக்கேன்!" என்று ஒரு வெள்ளை டப்பாவை நீட்டினாள். மாமா வெட்கத்தோடு அதை வாங்கிக்கொண்டு பக்கத்து அறைக்குள் போனார். கால் மணி நேரம் கழித்து வந்து, டப்பாவை அவளிடமே பத்திரமாகக் கொடுத்தார்.

"ஒரு நாள்கூட ஏமாத்தினதில்ல சார் நீங்க!"

தம்பி பாய்ந்தான். "மாமா! மாடியில அக்கா இப்பதான் எழுந்து உக்கார்றா. அதுக்குள்ள இங்க இந்தப் பொண்ணுக்கு என்ன பரிசு குடுக்கிறீங்க?"

மாமா அவன் வாயைப் பொத்தினார். "கத்தாதடா! யாருதுன்னு தெரிஞ்சா அவ ஒண்ணுகூட முழுங்க மாட்டா."

டப்பாவில் இருந்தது மாமாவின் காலைக்கடன். வடிகட்டி, உறையவைத்து, கேப்சூலில் அடைத்தால் அதுதான் அக்காவின் மருந்து.