தட்டு வைக்கும் நாள்

அவன் சுவரோடு ஒட்டி நின்றான்.

அம்மாக்கள் அப்படித்தான் நிற்க வேண்டும். உட்காரக் கூடாது. பிள்ளைக்குக் கண் காட்டக் கூடாது. பிள்ளை சாப்பிட்டு முடிக்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது.

பக்கத்தில் தங்கராசு. அவனும் அம்மாதான். தாடியெல்லாம் வியர்வை.

இந்தக் கிரகத்தில் பெண்கள் இல்லை. தூத்துக்குடிப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு ஆண்களைத்தான் கப்பலேற்றினார்கள். குடும்பம் அடுத்த கப்பலில் வரும் என்றார்கள். பேரன் காலமும் போய்விட்டது. இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பிள்ளைகளை இயந்திரம் பெற்றது. வளர்க்க அதற்குத் தெரியவில்லை. முதல் பிள்ளை வீறிட்டபோது எவனோ ஒரு இளகிய மனசுக்காரன் எழுந்துபோய்த் தூக்கினான். அவனை அம்மா என்று கூப்பிட்டார்கள். கேலிக்குத்தான்.

மறுநாள் அவனைக் கடைசியில் சாப்பிடச் சொன்னார்கள். பிறகு ஒரு கூட்டத்தில் அவனுக்கு நாற்காலி போடவில்லை.

அப்படியே வழக்கமாகிவிட்டது. இப்போது கேட்டால் இயற்கை என்கிறார்கள்.

முன்பல் விழுந்த வருடத்தில் பிள்ளைக்குக் கூடத்தின் நடுவே தட்டு வைப்பார்கள். காலையிலிருந்து பட்டினி போட்ட பிள்ளை. தானே தின்று தீர்த்தால் அது ஆள். சுரங்கம், சம்பளம், கூட்டத்தில் பேச்சு. சுற்றுமுற்றும் பார்த்து யாருக்காவது ஒரு வாய் நீட்டினால் அம்மா. ஆயுசுக்கும் சுவர்.

பிள்ளையின் குணம் தட்டில் தெரிந்துவிடுமாம்.

ஒவ்வொரு அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையைத் தானே தின்னப் பழக்குகிறான் என்பது ஒரு ஆளுக்கும் தெரியாது. பிள்ளை வளர்த்தால்தானே தெரியும்.

அவனும் தன் பிள்ளை கீரனைப் பழக்கினான்.

கீரன் முதல் கவளத்தை உருட்டி அவன் வாயருகே கொண்டுவந்தான். "ம்மா, ஆ."

அந்தக் கையில் அடித்தான்.

கீரன் அழவில்லை. அம்மாவுக்கு வெறும் சோறு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான். மீனை வைத்து உருட்டி மறுபடி நீட்டினான். மீன் என்றால் தொட்டியில் வளர்த்த பாசிதான். கீரனுக்கு அதைவிடப் பிடித்தது எதுவும் இல்லை.

மறுபடி அடித்தான். இன்னும் பலமாக.

அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் பழக்குவதை விடவில்லை. தன் பிள்ளை இந்தச் சுவரில் வந்து நிற்கக் கூடாது. வேறு ஒன்றும் அவனுக்கு வேண்டாம்.

இன்று முதல் தட்டு பரிதிக்கு. தங்கராசு வளர்த்த பிள்ளை.

பரிதி ஒரு கவளம் எடுத்தான். நேரே சுவருக்கு ஓடிவந்து தங்கராசுவின் வாயில் திணித்தான்.

கூடம் சிரித்தது. தங்கராசு மென்றுகொண்டே அழுதான்.

பாவி. இன்னும் நாலு அடி போட்டிருக்கக் கூடாதா என்று அவனுக்குத் தோன்றியது.

அடுத்த தட்டு.

கீரன் உட்கார்ந்தான். சோற்றில் கை வைத்தான்.

கை நின்றது.

தலை மெல்ல நிமிரத் தொடங்கியது.

அவன் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். என்னைப் பார்க்காதே. தின்னு. என் ராசா, தின்னு.

யாரோ மேசையைத் தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள்.

திரும்பிப் பார்த்தான். தட்டு வழித்துக் கிடந்தது. கீரன் விரல்களை நக்கிக்கொண்டிருந்தான். யாரையும் பார்க்கவில்லை.

அவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. பிழைத்துவிட்டான். இனி இந்தப் பிள்ளையை ஒருத்தனும் நிற்க வைக்க முடியாது. சத்தம் போட்டு அழ வேண்டும்போல் இருந்தது. அம்மாக்கள் கூடத்தில் அழக் கூடாது. தங்கராசு அழுததை மன்னித்தது அவன் தோற்றவன் என்பதால்தான்.

கீரனைத் தூக்கிக்கொண்டுபோய் மேசைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். கால் தரையைத் தொடவில்லை.

எச்சில் தட்டை எடுக்க அவன் போனான். அது அம்மாவின் வேலை. பிள்ளையின் கன்னத்தில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தது. துடைத்துவிடலாமா என்று தயங்கினான்.

"ஏலே, என்ன பாத்துக்கிட்டு நிக்க? தண்ணி கொண்டா."

சொன்னது கீரன்.

கூடமே அதிர்ந்தது. பெரிய ஆள் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எழுந்து வந்து கீரனின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

இதை அவன் சொல்லிக்கொடுக்கவில்லை. சாப்பிட மட்டும்தான் சொல்லிக்கொடுத்தான்.

அடுக்களைக்குப் போனான். தங்கராசு தரையில் உட்கார்ந்திருந்தான். மடியில் பரிதி. பிள்ளைக்குப் பாதிக் கண் செருகிவிட்டது, வாய் மட்டும் மென்றுகொண்டிருந்தது. ஒரு கை தங்கராசுவின் தாடியைப் பிடித்திருந்தது.

தங்கராசு அண்ணாந்து பார்த்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"குடுத்து வச்சவன்டே நீ."

அவன் தலையாட்டினான். வேறென்ன செய்ய.

தாடியைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையைப் பார்த்தான். வயிறு எரிந்தது.

கூடத்திலிருந்து மறுபடியும் சத்தம் வந்தது. பிஞ்சுக் குரல். இந்தத் தடவை கோபம் இருந்தது.

சொம்பை முக்கி எடுத்தான்.

"இந்தா வந்துட்டேன் மொதலாளி" என்று குரல் கொடுத்துக்கொண்டே ஓடினான்.