குதிரையேறியவரின் செருப்பு

நாட்டை நிறுவிய தலைவரின் ஒற்றைச் செருப்பு, அருங்காட்சியகச் சன்னலோரத்தில் ஒரு கண்ணாடிப் பேழைக்குள் தனித்துக் கிடந்தது. வெளியே, வாளேந்திக் குதிரைமேல் வீற்றிருந்தது அவருடைய வெண்கலச் சிலை. அச்சிலையின் தலையிலிருந்து பறந்துவந்த காகம் ஒன்று சன்னலில் அமர்ந்து, "நீ யாருடைய செருப்பு, அண்ணே?" என்று கேட்டது.

பல்லாண்டுகளில் செருப்பிடம் பேசிய முதற்குரல் அதுதான்.

"அந்தச் சிலையில் இருப்பவருடையதுதான், தம்பி! பகைத்திருந்த ஊர்களை ஒன்றுசேர்க்க வாசல் வாசலாக ஏறி இறங்கினோம். எல்லாம் நடைதான். வாளை அவர் தொட்டதே இல்லை" என்றது செருப்பு ஆவலோடு.

"கதை அளக்காதே, அண்ணே! குதிரையில் போனவர் செருப்பு இப்படியா தேயும்?" என்று சிரித்துவிட்டுக் காகம் சிலைக்கே திரும்பிப் பறந்தது.

செருப்பு அச்சிலையின் குதிகால்களை உற்றுப் பார்த்தது. வெயிலில் அவை பளபளத்தன. அதற்குப் பழக்கமான பித்தவெடிப்பு ஒன்றுகூட இல்லை.