ஆரம்பப் பாட்டு

“பாஸ்டர், அந்தக் குழுவை இப்பதான் ஒரு வழிக்குக் கொண்டு வந்திருக்கேன்.”

ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, சபை வாசலில் போதகரை மடக்கிப் பிடித்துக்கொண்டார் லிஃப்ட் மெக்கானிக்.

“எந்தக் குழு?”

“நீங்க சேர்த்துவிட்டீங்களே, பேக்கரிக்காரர் வீட்டு ஜெபக்குழு. நல்ல மனுஷங்கதான், குறை சொல்லக் கூடாது. ஆனா பாட்டுன்னு வந்தா ஒருத்தருக்கும் மருந்துக்குக்கூட சுருதி கிடையாது. முதல் வாரம் நான் ஒரு பக்கம் பாடுறேன், அவங்க ஒரு பக்கம் இழுக்கிறாங்க. வெறுத்துப்போய்ப் பாதியிலேயே நிறுத்திட்டேன்.”

“அப்புறம்?”

“நான் விடுவேனா? அடுத்த வாரம் குரலை இன்னும் கொஞ்சம் ஏத்தினேன். இப்ப எல்லாரும் என் வழிக்கு வந்துட்டாங்க.”

போதகருக்குத் திடீரென்று இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டு, “தொடர்ந்து போங்க” என்று மட்டும் சொன்னார்.

மனைவி இறந்த பிறகு லிஃப்ட்காரருக்கு வீடு என்பது தூங்கி எழும் இடம் என்று ஆகிவிட்டது. வேலை முடிந்து வந்தால் டி.வி.யோடுதான் பேச்சு. அதைப் பார்த்துவிட்டுத்தான் போதகர் அவரைப் புதன்கிழமைக் குழுவில் சேர்த்துவிட்டார். வேண்டா வெறுப்பாகப் போனவர், இப்போது செவ்வாய்க்கிழமையே சட்டைக்கு இஸ்திரி போட்டு வைக்கிறார். ஒரு வீட்டில் நாலு பேருக்குத் தன்னால் ஆக வேண்டிய காரியம் இருக்கிறது என்ற நினைப்புதான் மனுஷனை எழுப்பி உட்கார வைத்திருந்தது.

தன் பாட்டில் அவருக்கு அத்தனை நம்பிக்கை. இருக்காதா பின்னே? ஆலயத்தில் பக்கத்தில் நின்று பாடிய மனைவி கடைசிவரை ஒரு குறை சொன்னதில்லை.

குழுவில் வகுப்பே எடுப்பார். “அடிவயித்துலேருந்து வரணும்மா, மேலோட்டமாப் பாடக் கூடாது” என்பார் நர்ஸம்மாவிடம்.

“சரிங்கண்ணே” என்பார் நர்ஸம்மா, முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல்.

இந்தப் புதன்கிழமை ஓர் ஆஸ்பத்திரி லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்று கழுத்தை அறுத்தது. அதைச் சரிசெய்துவிட்டு, கை கழுவியும் கழுவாமலும் ஓடினார். தான் இல்லாமல் பாட்டை என்ன கதி பண்ணுகிறார்களோ என்று கவலை.

பேக்கரிக்காரர் வீட்டுப் படியேறும்போதே பாட்டு கேட்டது. அப்படியே நின்றுவிட்டார். அவ்வளவு இழைவு, அவ்வளவு இதம். ஃபோனில் ஏதோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

பேக்கரிக்காரர், அவர் மனைவி, நர்ஸம்மா, ஸ்கூல் வேன் டிரைவர். அதே நாலு பேர். பாடிக்கொண்டிருந்தது அவர்கள்தான்.

நர்ஸம்மா அவரைப் பார்த்துவிட்டார். பாட்டு டக்கென்று நின்றது.

“வாங்கண்ணே, வாங்க! உங்களைக் காணோமேன்னு வாசலையே பார்த்துட்டிருந்தோம்.”

“தண்ணி குடிச்சிட்டு உட்காருங்கண்ணே” என்றார் பேக்கரிக்காரர். “முதல்லேருந்து பாடுவோம். நீங்களே எடுங்க.”

லிஃப்ட்காரர் எடுத்தார். எப்போதும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார். இன்றைக்கு மூடவில்லை.

நர்ஸம்மா சரியாகத்தான் ஆரம்பித்தார். பிறகு வேன் டிரைவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் லேசாகத் தலையாட்ட, இருவரும் மெட்டை விட்டு விலகினார்கள். பின்னாலேயே பேக்கரிக்காரரும் மனைவியும். சற்று முன் அத்தனை இதமாகக் கேட்ட குரல்களெல்லாம் தடுமாறித் தடுமாறி அவர் குரலோடு வந்து ஒட்டிக்கொண்டன.

அவர் நிறுத்தினார்.

“இப்ப வெளியில நின்னு கேட்டேன். நல்லாத்தானே பாடினீங்க?”

வேன் டிரைவர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்போ சுருதி இல்லாதது எனக்குத்தான். இத்தனை நாளா என்னை வச்சு விளையாடிட்டு இருந்தீங்களா?”

அவமானமாக இருந்தது. அதைவிட, இனிமேல் புதன்கிழமையும் மற்ற நாள் மாதிரிதான் என்பது அதிகமாக வலித்தது. பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயோ, அப்படி இல்லண்ணே!” என்று பதறினார் நர்ஸம்மா.

பேக்கரிக்காரர் அவர் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தார். பிடித்த கையை விடவில்லை.

“முதல் வாரம் நாங்க சரியாத்தான்ணே பாடினோம். நீங்க பாதியில நிறுத்திட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. அப்புறம் ஒரு வார்த்தை பேசலை, கொடுத்த டீயைத் தொடலை, போயிட்டீங்க. இத்தனை பேர் இருக்கிற வீட்டுக்கு வந்தும் மனுஷன் தனியாவே உட்கார்ந்திருந்துட்டுப் போறாரேன்னு எங்களுக்கு மனசே ஆறலை. அதான், அடுத்த வாரம் நீங்க வர்றதுக்கு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டோம். பாட்டு போனாப் போகுது, நாம எல்லாரும் அவர் பக்கம் போயிடுவோம்னு.”