அசிங்கமான கழுதைக்கு ஒரு மூட்டை பார்லி

"இதெல்லாம் ஒரு அசிங்கமா? என் கழுதையைப் பாருங்க, ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது!"

கழுதை ஆஸ்பத்திரி வாசலில், அக்கரையிலிருந்து வந்திருந்த கினாவி மார்தட்டினான். அவன் காட்டிய இடத்தில், கழுதையின் முதுகு கருஞ்சிவப்பாய் இருந்தது; அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

பக்ரி விடுவாரா? கரும்பு சுமக்கும் கழுதைக்காரர்களில் அவர்தான் மூத்தவர். "போடா அக்கரைப் பயலே! உன்னுது வெறும் புண்ணு. என்னுது பள்ளம். எலும்பே தெரியுது பாரு!"

கூட்டம் கைதட்டியது. அவரவர் கழுதையின் நொண்டலையும் சொறியையும் சொல்லிப் பெருமையடித்தார்கள்.

டாக்டர் இன்ஸாஃப் கழுதைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். நைல் கரையில் இந்த இலவச ஆஸ்பத்திரியைத் திறந்து ஆறு மாதம். வந்தது ஒரே ஒரு பூனை. இந்த மாதமும் கொட்டில் காலியாகக் கிடந்தால், கெய்ரோவில் நன்கொடை தருபவர்கள் இழுத்து மூடிவிடுவார்கள்.

போன மாதம் 'அழகான கழுதை'ப் போட்டி வைத்துப் பார்த்தாள். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நல்ல கழுதையை நாலு பேர் முன்னால் நிறுத்திக் கண்ணேறு வாங்கிக்கொள்ள இந்த ஊரில் யாருக்குப் பைத்தியம்? அசிங்கத்தின் மேல் யார் கண்ணும் படாது. அதனால்தான் இந்த மாதம் போட்டியைத் தலைகீழாக மாற்றியிருந்தாள்: இருப்பதிலேயே அசிங்கமான கழுதைக்கு ஒரு மூட்டை பார்லி பரிசு.

"ஒரே நிபந்தனை," என்றாள். "போட்டிக் கழுதை ஒரு வாரம் எங்க கொட்டில்லதான் நிக்கணும். தீவனம் எங்க செலவு. நடுவர்கள் தினமும் கழுவி, மருந்து போட்டுப் பார்ப்பாங்க."

"மருந்து எதுக்கு?"

"கழுவினாத்தானே புண்ணு எவ்வளவு ஆழம்னு தெரியும்?"

பக்ரி முகம் சுளித்தார். "ஒரு வாரமா? அதுவரைக்கும் கரும்பை யாரும்மா சுமக்கறது? ஆளை விடுங்க."

அவர் கழுதையைத் திருப்ப, மற்றவர்களும் திருப்பினார்கள். இன்ஸாஃபுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரு வாரம் பாரம் சுமந்தால் பக்ரியின் கழுதை பிழைக்காது.

"போங்கண்ணே, போங்க," கினாவி சிரித்தான். "தோத்துடுவோம்னு பயம்! பரிசு மூட்டையை உங்க வீட்டு வாசல் வழியாத்தான் தூக்கிட்டுப் போவேன்."

பக்ரி நின்றார். காது சிவந்தது. விறுவிறுவென்று திரும்பி வந்து கயிற்றை டாக்டர் கையில் திணித்தார்.

"எழுதிக்கோம்மா! என்னுதைவிட அசிங்கம் இந்த ஜில்லாவுலயே கிடையாது!"

பிறகென்ன, அக்கரைக்காரனிடம் தோற்க யாருக்கும் மனசு வரவில்லை. கொட்டிலில் இடம் போதவில்லை.

எல்லோரும் போனபின் கினாவி தன் கழுதையைப் பின்பக்கக் குழாயடிக்கு ஓட்டிப்போனான். ஒரு வாளித் தண்ணீர்தான் ஊற்றினான். புண் மொத்தமும் கரைந்து ஓட, அடியில் வழுவழுவென்று முழு ரோமம்.

"அடுத்த வாரம் அடுத்த ஊரு, டாக்டரம்மா," என்றான் ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர் கினாவி, விரலை நக்கியபடி. "கரும்புப் பாகும் செம்பருத்திச் சாறும் தீர்ந்துபோச்சு, வாங்கி வைங்க."