மங்கிய எழுத்து

“எழுத்தெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்குது. இதுக்குப் பேரு கலர் டிவியா?” என்று மெக்கானிக்கிடம் சீறினார் பெரியவர்.

“ஆமாம்ப்பா, ஒரு மாசமா இப்படித்தான்,” என்றாள் சோபாவில் இருந்த அவர் மனைவி.

மெக்கானிக் ரிமோட்டை வாங்கி ஷார்ப்னஸை ஏற்றினான். செய்தி வரிகளைச் சுற்றி வெள்ளைக்கோடு விழுந்தது. சற்றே இறக்கியதும் எழுத்துகள் செதுக்கி வைத்ததுபோல் நின்றன.

“இப்ப பளிச்சுன்னு இருக்கு, சார்.”

பெரியவர் ஒரு கணம், கண்ணை இடுக்கித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவியைப் பார்த்தார். பிறகு, “இல்ல, மங்கல்தான்,” என்றார்.

“டிவி மேல தப்பில்ல சார். டாக்டர்கிட்ட உங்க கண்ணைக் காட்டுங்க.”

காபியோடு வந்த மருமகள் திகைத்து நின்றாள். அந்த வீட்டில் அவரைக் குறை சொல்லிவிட்டு யாரும் தப்பியதில்லை.

பெரியவரோ தலையைக் குனிந்துகொண்டார். “சரி, என் கண்ணுதான் போல. நாளைக்கே டாக்டர்கிட்ட போறேன். நீயும் கூட வா.”

“வீம்பு இப்பவாவது இறங்குச்சே. வரேன்,” என்றாள் மனைவி.

“வந்தா நீயும் காட்டணும். நான் மட்டும் கண்ணாடி மாட்டிக்கிட்டு உட்கார மாட்டேன்.”

“எனக்கென்ன கேடு? சரி, உங்களுக்காகக் காட்டறேன்.”

வாசல்வரை வந்த பெரியவர் மெக்கானிக்கை நிறுத்தினார். “தம்பி, உன் கழுத்துல தொங்குற கம்பெனி அட்டை போன மாசமே காலாவதி ஆயிடுச்சு. மாத்திக்க.”

அவன் அட்டையைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தான். அடியில், எறும்பு ஊர்ந்ததுபோல் பொடி எழுத்தில் தேதி இருந்தது. திகைத்து நிமிர்ந்தான்.

“உள்ள யார்கிட்டயும் மூச்சு விடாத,” என்றார் பெரியவர். “அவளுக்குத்தான் பார்வை மங்குதுன்னு சொன்னா, பயந்துக்கிட்டு டாக்டர் பக்கமே வர மாட்டா.”